சுமை யார் தோளில்? தொழிலகங்கள் செய்முறை மாற்றத்தைத் தேரும் விதம்



புதிய பண்டங்களைக் கண்டுபிடிப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பழைய பண்டத்தையே புதிய முறையில் செய்வதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆயினும், நம்முடையதைப் போன்ற தேசங்களில் பெரும்பாலான தொழிலகங்களுக்கு நாள்தோறும் எதிர்ப்படுவது இந்த இரண்டாவது பிரச்சினையே. அதே பனியன், அதே எஃகுத் தகடு, அதே உதைபந்து. அவற்றைக் குறைந்த செலவிலும் குறைந்த சேதத்திலும் சீரான தரத்திலும் செய்ய நான்கைந்து வழிகள் கண்முன் இருக்கும்போது, ஒரு முதலாளி அவற்றுள் ஒன்றை ஏற்று மற்றவற்றை ஒதுக்குவது எந்த நியாயத்தைக் கொண்டு என்பதே இன்று நான் ஆராய விரும்பும் பொருள்.

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் முதல் விடை மூலதனம். பணமிருப்பவர் புதிய யந்திரம் வாங்குகிறார், இல்லாதவர் பழையதோடு காலந்தள்ளுகிறார் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் ஜப்பானியர் ஒத்துழைப்போடு எழுப்பப்பட்டு, 1962-இல் உற்பத்தியைத் தொடங்கிய உசிமினாஸ் எஃகாலையின் சரித்திரம் இதற்கு நேர்மாறானது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் என்ற அளவுக்குத் திட்டமிடப்பட்ட அந்த ஆலை, நாட்டைப் பீடித்த பொருளாதார மந்தத்தால் விரிவாக்கத்துக்குப் பணம் கிடைக்காமல் தவித்த 1960-களின் நடுப்பகுதியிலேதான், உள்ள உலைகளை வைத்துக்கொண்டே அதிக எஃகு எடுப்பது எவ்வாறு என்று தன் நடப்பை அளந்து, பதிந்து, ஆராயத் தலைப்பட்டது. 1972 வாக்கில் ஏறத்தாழ அதே சாதனங்களிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட எஃகு வந்துகொண்டிருந்தது. பணமின்மை அங்கே மாற்றத்துக்குத் தடையாக நிற்கவில்லை, மாற்றம் எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. பணம் தாராளமாகக் கிடைத்திருக்குமானால் அவர்கள் மற்றோர் உலையை வாங்கியிருப்பார்கள், முதல் உலையின் சுபாவத்தைக் கற்றிருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது விடை, அறியாமை. இதில் உண்மை உண்டு. நிக்கோலஸ் புளூம் முதலிய பொருளியலறிஞர்கள் மும்பையை அடுத்த பகுதியில் பதினேழு நெசவு நிறுவனங்களுக்குரிய இருபத்தெட்டு ஆலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுட் சிலவற்றுக்கு நிர்வாக ஆலோசகர்களின் சேவையை இலவசமாக அளித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நூல் சரக்கை வகைப்படுத்தி அடுக்குவது, தறி பழுதாகும் முன்பே பராமரிப்பது, துணியின் குறைகளை அன்றன்றே ஏட்டில் எழுதிக் காரணம் தேடுவது என்ற எளிய ஒழுங்குகளாலேயே முதல் ஆண்டில் உற்பத்தித் திறன் நூற்றுக்குப் பதினேழு உயர்ந்தது. இத்தகைய வழக்கங்கள் சிலவற்றை அம்முதலாளிகள் கேள்விப்பட்டதேயில்லை. கேள்விப்பட்ட சிலவோ, நம் ஊருக்கு ஒத்துவராதவை, நம் தரம் அண்டை ஆலையின் தரத்துக்குக் குறைந்ததல்லவே என்ற எண்ணத்தால் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால், அறிவு கைக்கு எட்டிய பின்னும் மாற்றம் நிகழாமல் நிற்கும் இடங்கள் உண்டு; அங்கேதான் நம் ஆராய்ச்சி உண்மையில் தொடங்குகிறது.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள சியால்கோட், கையால் தைத்த உதைபந்துக்கு உலகெங்கும் பெயர்பெற்ற ஊர். நாம் நன்கறிந்த அந்தப் பந்து இருபது அறுகோணத் துண்டுகளும் பன்னிரண்டு ஐங்கோணத் துண்டுகளும் சேர்ந்து உருவாவது. ரெக்ஸின் என்னும் செயற்கைத் தோலைத் துணியடுக்குகளோடு பசையிட்டு ஒட்டி உலர்த்தி, அதன்மீது இரும்பு அச்சை வைத்து அழுத்தித் துண்டுகளை வெட்டியெடுக்கிறார்கள். அறுகோணங்கள் தேன்கூட்டின் அறைகளைப்போல் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பொருந்திவிடும். ஐங்கோணங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, எவ்வாறு அடுக்கினாலும் நடுவே சந்து விழுந்து அவ்வளவு ரெக்ஸினும் குப்பைக்குப் போகும். அந்த இடைவெளியை எவ்வளவு குறைக்கலாம் என்பது கணித வல்லுநர் ஆராய்ந்த விஷயம். அக்கணிதத்தைத் துணைக்கொண்டு, டேவிட் அட்கின், ஆஸம் சௌத்ரி, எரிக் வெர்ஹூகன் முதலிய ஆய்வாளர்கள், நான்கு ஐங்கோணங்களைச் சற்றே விலக்கி அமைத்த ஒரு புதிய அச்சை வடிவமைத்தார்கள். பழைய முறையில் ஏறக்குறைய 250 ஐங்கோணங்கள் கிடைத்த தாளில் புதிய முறையால் 272 வரை எடுக்கலாம். வாங்க வேண்டிய யந்திரம் ஒன்றுமில்லை. ஓர் இரும்பு அச்சு மட்டுமே.

2012-இல் முப்பத்தைந்து தொழிலகங்களுக்கு இந்த அச்சு கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டது. பதினைந்து மாதங்கள் கழிந்த பின் பார்த்தபோது அதைப் பயன்படுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. லாபம் பிரத்யட்சமாகத் தெரிகின்ற, இலவசமாகக் கிடைத்த ஒரு சாதனம் ஏன் மூலையில் கிடந்தது? வெட்டும் தொழிலாளியின் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். திருப்பூர்க்காரர் பீஸ்ரேட் என்று சொல்லும் அதே முறையில்தான் அவருக்குக் கூலி. இத்தனை துண்டுக்கு இவ்வளவு. புதிய அச்சில் கை பழகும்வரை வேலை மந்தப்படும், வருமானம் குறையும். மிச்சமாகும் ரெக்ஸினில் அவருக்கு ஒரு காசும் பங்கில்லை, அது முழுவதும் முதலாளியைச் சேரும். ஆகவே, அச்சு சரிப்படவில்லை என்று அவர் சொன்னார்; வெட்டும் பலகையருகே தாமே நின்று சோதிக்கும் வழக்கமில்லாத முதலாளி அதை நம்பினார். பிறகு ஆய்வாளர்கள் வேறொன்று செய்தார்கள். புதிய அச்சில் முறையாக வெட்ட முடியும் என்று முதலாளியின் எதிரில் செய்துகாட்டும் தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒரு மாத வருமானத்தைச் சன்மானமாக அளிப்பதாகச் சில தொழிலகங்களில் அறிவித்தார்கள். அவ்விடங்களில் அச்சை ஏற்றுக்கொள்வோர் தொகை கணிசமாக உயர்ந்தது. முதலாளியின் லாபத்தோடு ஒப்பிட்டால் அற்பமான அத்தொகையை முதலாளியே முன்னதாகக் கொடுத்திருக்கலாம். பரம்பரையாக வந்த கூலி ஏற்பாட்டைக் கலைத்தால் என்னாகுமோ என்ற தயக்கமும், அந்த ஏற்பாடே தமக்கு வரும் செய்தியைத் திரித்துவிடுகிறது என்பதை உணராமையும் சேர்ந்து அவரைத் தடுத்தன.

செய்முறை மாற்றம் என்பது பொறியியல் நூலில் ஒரே முடிவு. ஆனால் தொழிலகத்தினுள் அது ஒருவருக்கு ஆதாயமாகவும் மற்றொருவருக்குச் சுமையாகவும் பிரிந்தே வந்து சேர்கிறது. ஒரு நிறுவனம் எந்த முறையைத் தேரும் என்பதை, அந்த ஆதாயமும் சுமையும் எவர் தோளில் எவ்விதம் இறங்குகின்றன என்பதைப் பார்த்த பின்னரே சொல்ல முடியும். சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு ட்சுடாவின் வழிகாட்டலில் பல்லாண்டு உழைத்து, 1998-இல் இந்திய நிறுவனங்களுள் முதலாவதாக, தர நிர்வாகத்துக்கான டெமிங் விருதைப் பெற்றது. யந்திரத்தோடு நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளியின் யோசனை நிர்வாகத்தின் காதுக்கு நேராகச் சென்று சேரும்படியான ஏற்பாட்டை அத்தகைய தர முறை முதற்கண் கோருகிறது. சியால்கோட்டில் இல்லாமற்போனது அதுவே. இதை இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, நம் நாட்டில் இவ்விஷயம் மிகுந்த வேதனையோடு விளங்கிய இடத்துக்கு வருகிறேன்.

திருப்பூரின் பனியன் தொழிலைப் பற்றி இந்த அவைக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊராக அது வளர்ந்ததன் பெருமையை எல்லோரும் அறிவர். அந்தப் பெருமையின் மறுபக்கம் சாயத்தொட்டியில் இருக்கிறது. பருத்தித் துணியும் அதற்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும் தன்மை கொண்டவை. ஏனெனில் இரண்டின் மேலும் ஒரே வகை மின்னேற்றம் உண்டு. அவ்விலக்கலை அடக்கிச் சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு வேண்டும், அதுவும் கொஞ்சமல்ல. அடர்ந்த கறுப்பு, கருநீலம் போன்ற ஷேடுகளுக்கு லிட்டருக்கு எண்பது கிராம் என்பது சாதாரண அளவு. கடல்நீரிலே லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்தான் இருக்கிறது. பழைய வின்ச் யந்திரத்தில் ஒரு கிலோ துணிக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோ இருநூறு கிராம் உப்பு கரைக்கப்படுகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு, ஏறக்குறைய முழுவதும் தண்ணீரோடு வெளியேறிவிடும். அதற்குப் பின் எத்தனை முறை அலசுவார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் விழுந்தது. கீழே, பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் ஏரியாகிவிட்டது. அணையில் தண்ணீர் நிறைய வேண்டும் என்று வேண்டுவதே வேளாளரின் இயல்பு. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடும் நிலை அங்கே வந்தது. கிணறுகள் உப்பேறின, நெல்லும் மஞ்சளும் விளைந்த நிலங்களில் தென்னைகூட ஓலை கருகி நின்றது. இதை நான் இங்கே சொல்வது சாயப்பட்டறைக்காரர்களைத் தூற்றுவதற்காக அன்று. அவர்களுட் பெரும்பாலோர் தாங்களே விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆனால், ஒரு மூட்டை உப்பின் விலையும், லாரியில் வந்திறங்கும் தண்ணீரின் விலையும் அவர்களுடைய கணக்கில் ஏறின. அந்த உப்பு ஒரு வயலைக் கெடுப்பதன் விலை எவருடைய கணக்கிலும் ஏறவில்லை. அந்தக் கணக்கின்படி பார்த்தால் வின்ச் யந்திரமும் தாராளமான உப்பும் புத்திசாலித்தனமான தேர்வே.

முதலில் வந்த மாற்றம் குழாயின் வாயிலேயே நின்றது. 1990-களின் பிற்பகுதியில், நீதிமன்றத்தின் வற்புறுத்தலால், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தனிப்பட்ட சுத்திகரிப்பு அமைப்புகளும் எழுந்தன. சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டு நிறத்தையும் வண்டலையும் பிரித்தார்கள். நிறம் போயிற்று, உப்பு போகவில்லை. கண்ணுக்குத் தெளிந்து தெரிந்த அந்தத் தண்ணீர் பயிருக்குப் பழைய தண்ணீரேதான். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கட்டாயம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் குறிவைத்தால், தொழிலகமும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் திருத்தும் முறையையே தேர்ந்தெடுக்கும். தொட்டிக்குள் நடப்பதை மாற்ற அதற்கு யாதொரு முகாந்திரமும் இராது.

நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறவேண்டும் என்று கெடு விதித்து, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறு பைசாவில் தொடங்கிப் பத்துப் பைசா வரை உயரும் அபராதத்தையும் விதித்தது. 2009-இல் உச்சநீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்தது. ஆணை முழுமையாக நிறைவேறாமற்போகவே, 2011 ஜனவரி 28-ஆம் நாள் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதங்களின் துன்பம் சொல்லுந்தரமன்று. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே ஆணையால் அடைபட, வெளியூரிலிருந்து வந்திருந்த தொழிலாளர் மூட்டை கட்டினார்கள். சாயமிடும் வேலை ஈரோடு, சேலம் பகுதிகளுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போயிற்று, சில இடங்களில் மறைந்தும் நடந்தது. சுமையை ஓர் ஊரில் மட்டும் ஏற்றினால் அது அடுத்த ஊருக்கு வழிந்தோடும் என்பதும் அப்போது புலனாயிற்று.

ஆனால் செலவு தம் கணக்கில் வந்து உட்கார்ந்த பிறகு சாயப்பட்டறைக்காரர்கள் செய்த தேர்வுகள் வியக்கத்தக்கவை. ஆர்.ஓ. சவ்வுகளின் வழியாகத் தண்ணீரின் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத்துக்கே அனுப்பினார்கள். எஞ்சிய உப்புக்கரைசலை ஆவியாக்கிக் காய்ச்சி உப்பைப் பிரிப்பதற்கு விறகும் மின்சாரமும் அளவிறந்து செலவாயின. அதனால், அக்கரைசலையே சுத்தப்படுத்திப் புதிய உப்புக்குப் பதிலாகச் சாயத்தொட்டியில் ஊற்றினால் என்ன என்ற யோசனை எழுந்து, அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதனையாக நிறைவேறி, மற்ற நிலையங்களுக்கும் பரவியது. மீட்ட கரைசலில் ஷேடு மாறிவிடும், வாங்குகிறவர் லாட்டைத் திருப்பிவிடுவார் என்ற அச்சம் சாயமாஸ்டர்களுக்கு இருந்தது; அது பொய்யான அச்சமன்று, ஒரு லாட் கெட்டால் ஒரு மாத உழைப்பு போயிற்று. கூட்டாக ஒரு நிலையம் பரிசோதித்துக் காட்டியதால்தான் தனித்த ஒருவர் துணியாத அபாயத்தை எல்லோரும் ஏற்க முடிந்தது. பிரித்தெடுக்கையில் தூய்மையாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பல பட்டறைகள் சாதாரண உப்பை விட்டுச் சோடியம் சல்பேட்டுக்கு மாறின. சுத்திகரிப்பின் கடைசிப் படியில் உள்ள ஓர் ஆவியாக்கியின் வசதியை முன்னிட்டுச் சாயமிடுதலின் முதற்படியில் இடும் பொருள் மாறியது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய இருபதாண்டு காலத்தில் எந்த உபதேசத்தாலும் நிகழாதது அது.

வின்ச் யந்திரம் போய் சாஃப்ட் ஃப்ளோ வந்ததும் இதன் பகுதியே. ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் போதுமென்றால், அதே எண்பது கிராம் கணக்கில் உப்பு நானூற்றெண்பது கிராமாகக் குறைந்துவிடுகிறது. பொதுநிலையத்தில் லிட்டர் கணக்கில் கட்டணம் செலுத்துகிறவருக்கு இந்தப் பெருக்கல் மனப்பாடமாகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் தமக்கெனத் தனி நிலையம் அமைத்துக்கொண்டன, சிறியவை கூடிப் பொதுநிலையங்களில் பங்கெடுத்தன. எவர் எதைத் தேர்ந்தார் என்பதை அவருடைய விருப்பத்தைவிட அவருடைய அளவும் கடன்வசதியும் தீர்மானித்தன.

உப்பே வேண்டாத ஒரு முறையும் உண்டு. துணியைச் சாயத்தில் தோய்த்துப் பிழிந்து உருளையில் சுற்றிப் பல மணி நேரம் அப்படியே ஊறவைக்கும் குளிர்முறை அது. நெய்த துணிக்கு உலகெங்கும் பழக்கமானது. திருப்பூரில் அது வேரூன்றாததற்கு, பின்னல் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும் என்ற இயற்கைக் காரணம் ஒன்று. ஒரு நாளில் பத்து ஷேடுகள், ஒவ்வொன்றிலும் சிறுசிறு லாட்டுகள் என்று ஆர்டர் வருவது மற்றொரு காரணம். முதற்காரணத்தைப் பொறியாளர் தீர்க்கலாம், பல இடங்களில் தீர்த்தும் இருக்கிறார்கள். இரண்டாவதைச் சாயப்பட்டறைக்காரரால் தீர்க்க முடியாது. அது ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து ஆர்டர் எழுதுகிறவரின் கையில் இருக்கிறது.

இங்கேதான், சுமை இன்னும் முழுமையாகப் பங்கிடப்படவில்லை என்று நான் கருதுகிறேன். பெரும்பாலான சாயப்பட்டறைகள் கூலிக்குச் சாயமிடுகிறவை. துணி ஏற்றுமதியாளருடையது, வேலை மட்டும் இவருடையது. சுத்திகரிப்புச் செலவு ஆற்றுக்குக் கீழிருந்த விவசாயியின் தோளிலிருந்து எடுக்கப்பட்டதே மகத்தான நீதி; ஆனால், எடுக்கப்பட்ட சுமை, உற்பத்திச் சங்கிலியிலேயே பேரம்பேசும் வலிமை குறைந்த சாயப்பட்டறைக்காரர்மேல் இறக்கப்பட்டது. வாங்குகிறவர் சட்டைக்குக் கொடுக்கும் விலை அதற்காக உயரவில்லை. உயராத கூலியில் உயர்ந்த செலவைத் தாங்குகிறவரிடம் புதிய பரிசோதனைக்குப் பணம் எங்கிருந்து வரும்? சியால்கோட்டில் வெட்டும் தொழிலாளி நின்ற இடத்தில் இங்கே சாயப்பட்டறைக்காரர் நிற்கிறார்: புதிய முறையின் சிரமம் அவருக்கு, அதனால் கிடைக்கும் நற்பெயர் சட்டையில் முத்திரை ஒட்டுகிறவருக்கு.

ஆகையால், அரசின் உதவித்தொகை சுத்திகரிப்பு நிலையங்களின் வாயிலில் நின்றுவிடாமல் சாயத்தொட்டிவரை செல்ல வேண்டும் என்பதும், ஒரு லாட் கெட்டால் அந்த நஷ்டத்தை ஈடுசெய்யும் ஏற்பாட்டோடு, குறைந்த உப்பில் ஏறும் சாயங்களையும் குளிர்முறையையும் ஒவ்வொரு பொதுநிலையமும் தன் உறுப்பினர்க்காகப் பரிசோதித்துக் காட்ட வேண்டும் என்பதும் என் விண்ணப்பம். அதனினும் முக்கியமாக, நூலுக்கு இவ்வளவு, பின்னலுக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு என்று ஏற்றுமதியாளர் வாங்குகிறவருக்கு அனுப்பும் விலைத்தாளில், தண்ணீரை மீட்பதற்கு இவ்வளவு என்ற வரி தனியாக எழுதப்பட வேண்டும். சாயக்கூலிக்குள் அது ஒளிந்திருக்கும்வரை பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுவாகவே இருக்கும். எந்தச் சாயம், எந்த யந்திரம், எவ்வளவு உப்பு என்ற தேர்வை எவரும் சாயப்பட்டறைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்க்க அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்; அந்த வரி தனியாக நின்றால் அவர் பெருக்க வேண்டிய எண்கள் சரியான எண்களாக இருக்கும்.